வேலி தாண்டினாலும் வீடு காக்கும் காவல்

ஆனைமலைக்கு அருகே, ஆழியாற்று நீரால் செழித்து நிற்கும் தென்னந்தோப்பு ஒன்றில் நம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாழ்கிறது. குடும்பத்தின் மூத்தவர் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர்; செபமாலை சொல்லாமல் உறங்கச் செல்லாதவர். அவருடைய மகன்வழிப் பேத்தி, ஒன்பது மாதக் கைக்குழந்தையுடன் சில வாரங்களாகப் பிறந்த வீட்டில் தங்கியிருந்தாள். குழந்தைக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்குமான தடுப்பூசி போட வேண்டிய காலம் வந்துவிட்டது. புதன்கிழமை தடுப்பூசி போடும் நாள். குழந்தையைக் கொண்டு வருமாறு கிராம சுகாதாரச் செவிலியர் இருமுறை சொல்லி அனுப்பினார். இரண்டு புதன்கிழமைகள் கடந்தன, யாரும் செல்லவில்லை. மூன்றாம் முறை செவிலியரே வீடு தேடி வந்தார்.

திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தபின் கேட்டார்:

"ஏங்கண்ணு, கொரோனாவுக்கு ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறமும் அந்தச் சீக்கு எனக்கு வந்துதே! அப்புறம் ஊசி எதுக்குங்கறேன்? பச்சப் புள்ளைக்கு எதுக்கு வீணா வலி?"

செவிலியர் தமக்குத் தெரிந்த அளவில் விடை சொன்னார். மூதாட்டி தலையசைத்தார், ஆயினும் அவர் மனம் இசையவில்லை. பின்னர் பேத்திதான் செவிலியரைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துச் சென்று உள்ளதைக் கூறினாள். மூதாட்டியின் உடன்பிறந்த தம்பி, கொப்பரைக் களம் வைத்திருந்தவர், தமது 58ஆம் வயதில், 2021 மே மாதத்தில் கொரோனாவால் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு ஊசி போட்டுக்கொள்ளப் புறப்பட்டவரை, "கொஞ்சம் பொறுத்துப் போட்டுக்கலாஞ் சாமி" என்று தடுத்து நிறுத்தியவர் இந்த அக்காள்தான்.

"ஊசி வீணுன்னு இருந்தாத்தானுங்க அப்பத்தாளுக்கு மனசு ஆறும்" என்றாள் பேத்தி. "ஊசி நல்லதுன்னு ஒத்துக்கிட்டா, தாத்தாவைத் தானே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிருமில்லீங்க?"

அன்பார்ந்த குடும்பத்தினரே, மூதாட்டியின் கேள்வி நம்மில் பலருடைய கேள்வியே. அக்கேள்விக்குப் பின்னால் இத்தகைய துயரத்தை மறைத்து வைத்திருக்கும் வீடுகளும் நம் பங்குகளில் உண்டு. ஆகையால் இதற்கு நேர்மையான விடை காண்பது நம் கடமை. "ஊசி போட்டும் நோய் வந்தது, எனவே ஊசி வீண்" என்னும் இந்த வாதம் எங்கே தவறுகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

தோப்பும் காவலும்

ஆனைமலைச் சாரலில் வாழ்வோருக்குக் காட்டு யானையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோப்பைக் காக்க அகழி வெட்டுகிறோம், மின்வேலி அமைக்கிறோம், இரவில் காவலுக்கு ஆள் வைக்கிறோம். இவை அனைத்தையும் மீறி யானை ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையினர் கும்கி யானைகளைக் கொண்டு வருகின்றனர். டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமில் அவற்றை வளர்த்துப் பழக்குகின்றனர் என்பதை நாம் அறிவோம்.

இறைவன் நம் உடலுக்குள் அமைத்திருக்கும் காவலும் ஏறத்தாழ இவ்வாறானதே. தோலும், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சளிச்சவ்வும் அகழியும் வேலியுமாகும். இரத்தத்திலும் சளிச்சவ்விலும் திரியும் எதிர்ப்பொருள்கள் இரவுக் காவலர்கள். ஒரு கிருமி நம் உயிரணுவைப் பற்றும் முன்பே அதைச் சூழ்ந்து பிடித்துச் செயலிழக்கச் செய்வது இவற்றின் பணி. அதையும் தாண்டிக் கிருமி உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், அவ்வாறு கெட்டுப்போன உயிரணுக்களைக் கண்டறிந்து அழிப்பவை டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள். இவற்றுடன் நினைவணுக்கள் என்று ஒரு வகை உண்டு. ஒருமுறை கண்ட பகைவனின் அடையாளத்தை மறவாமல், ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் காத்திருந்து, அவன் மீண்டும் வரும்போது சில நாட்களுக்குள் பெரும்படையைத் திரட்டுபவை இவை. நம் உடலின் கும்கிகள் என்று டி அணுக்களையும் நினைவணுக்களையும் சொல்லலாம்.

தடுப்பூசி செய்வது இந்தக் காவலுக்குப் பயிற்சி அளிப்பதேயாகும். நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசி, கொரோனாக் கிருமியின் மேற்புறத்தில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் குறிப்பை, தீங்கற்றதாக மாற்றப்பட்ட வேறொரு கிருமியின் வழியாக உடலுக்குக் கொண்டு சேர்க்கிறது. கோவாக்சின் ஊசியில் உள்ளது கொல்லப்பட்ட கொரோனாக் கிருமி. எந்த ஊசியாயினும், பகைவனின் முகத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பதே அதன் வேலை.

ஊசி போட்ட சில வாரங்களில் எதிர்ப்பொருள்கள் மிகுதியாகப் பெருகுகின்றன. பின்னர் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகின்றன. "ஊசியின் பலன் ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று பலர் கூறியது இதனை வைத்தேயாகும். யானை வந்துபோன மறுநாள் ஊரே விழித்திருக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் ஊரே விழித்திருக்க முடியுமோ? காவலர் சிலர் உறங்கச் செல்வர். அதனால் கும்கியின் பழக்கம் மறைந்துபோவதில்லை. எதிர்ப்பொருள் குறைந்தபின்னும் நினைவணுக்களும் டி அணுக்களும் நெடுநாள் நிலைத்திருக்கின்றன. 2003ஆம் ஆண்டில் பரவிய சார்ஸ் நோயிலிருந்து பிழைத்தவர்களிடம், அக்கிருமியை அடையாளம் காணும் டி அணுக்கள் 17 ஆண்டுகளுக்குப் பின்னும் இருந்ததைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். சார்ஸ் கிருமி கொரோனாவின் நெருங்கிய உறவு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஒருமுறை கற்றால் போதுமான பாடங்கள்

அங்ஙனமாயின், அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வருவதில்லையே, கொரோனா மட்டும் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்ற வினா எழும். இதற்கு விடை காண இரண்டு வரலாறுகள் உதவும்.

1846ஆம் ஆண்டில் வட அட்லாண்டிக் கடலில் உள்ள பாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராயச் சென்ற பீட்டர் பானும் என்ற டேனிஷ் நாட்டு இளம் மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். அத்தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அந்நாளில் சிறுவராயிருந்து நோயுற்றுப் பிழைத்த முதியவர்களை, 65 ஆண்டுகளுக்குப் பின் வந்த அதே நோய் தொடவில்லை. உடல் ஒருமுறை கற்ற பாடத்தை ஓர் ஆயுட்காலம் மறப்பதில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

அதே 1846ஆம் ஆண்டில்தான் நம் கொங்கு மண்ணில் மேதகு மரியோன் தெ பிரெசியாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைத் திருச்சபையின் முதல் மேய்ப்பராகிய அவர், பின்னர் ஆப்பிரிக்க மறைபணிக்கெனச் சபை ஒன்றை நிறுவி, 1859 மே மாதம் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் நகரில் கால் வைத்தார். அங்கே மஞ்சள் காய்ச்சல் கொடுமையாகப் பரவியிருந்தது. ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று, அந்நோய்க்கு அவர் பலியானார். இந்நோயைத் தடுக்கும் ஊசி அந்நாளில் இல்லை. மாக்ஸ் தைலர் என்னும் அறிஞர் அதை உருவாக்கியது 1937இல். அதற்காக 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. இன்று பிரீடவுன் செல்லும் மறைபணியாளர் ஒரே ஓர் ஊசி போட்டுக்கொண்டால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அது காக்கும். கொரோனா உலகை வீட்டுக்குள் அடைத்துவைத்திருந்த 2020 மே 26 அன்றுதான் நம் முதல் மேய்ப்பரை வணக்கத்திற்குரியவர் என அறிவிக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளித்தார்.

தட்டம்மையும் மஞ்சள் காய்ச்சலும் ஒரே பாடத்தில் அடங்குகின்றன, கொரோனா அடங்கவில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, காலம். தட்டம்மைக் கிருமி உடலில் நுழைந்து நோயாக வெளிப்படப் பத்து நாட்களுக்கு மேலாகிறது. அது இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவியாக வேண்டும். அதற்குள் நினைவணுக்கள் விழித்துப் படை திரட்டிவிடுகின்றன. நோய் தலைகாட்டும் முன்பே கிருமி அழிகிறது. கொரோனாவோ மூக்கிலும் தொண்டையிலும் இறங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே பெருகி, தும்மலிலும் பேச்சிலும் பிறரைச் சேர்கிறது. கும்கி முகாமிலிருந்து புறப்படும் முன்பே யானை வேலியோரத் தென்னைகளைச் சாய்த்துவிடுகிறது.

இரண்டாவது, இடம். கையில் போடும் ஊசி இரத்தத்தில் நல்ல காவலை உண்டாக்குகிறது. மூக்கின் சளிச்சவ்வில் அவ்வளவு வலிமையான காவலை உண்டாக்குவதில்லை.

மூன்றாவது, வேடம். தட்டம்மைக் கிருமியின் முகம் தலைமுறைகளாக மாறவில்லை. கொரோனாக் கிருமியோ தன் முட்புரதத்தை அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. 2021 நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்ட ஓமைக்ரான் வகையில் முட்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய முகத்தைத் தேடிய இரவுக் காவலருள் பலருக்கு இந்தப் புதிய முகம் தெரியவில்லை. எனினும், கெட்டுப்போன உயிரணுக்களைக் கிருமியின் பல பாகங்களைக் கொண்டு அடையாளம் காணும் டி அணுக்கள் அத்துணை எளிதில் ஏமாறவில்லை.

சாதாரணச் சளியை உண்டாக்கும் நான்கு கொரோனாக் கிருமிகள் நெடுங்காலமாக நம்மிடையே உலவுகின்றன. அவையும் ஓராண்டு இரண்டாண்டில் மீண்டும் நம்மைப் பற்றுகின்றன. ஆயினும் அவற்றால் நாம் பெரும்பாலும் மூக்குச் சிந்துவதோடு சரி. ஆகவே கொரோனா ஊசியிடம் நாம் கேட்க வேண்டியது "வேலியை யானை தாண்டியதா?" என்பதன்று, "வீடு தப்பியதா?" என்பதே.

கொங்குநாடு கண்ட 2021

வீடு தப்பியதா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று, நம் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள திருச்சூரில் கண்டறியப்பட்டார். தடுப்பூசி வந்தது 2021 ஜனவரி 16 அன்று. முதலில் மருத்துவப் பணியாளரும் முன்களப் பணியாளரும், மார்ச் முதல் நாளிலிருந்து 60 வயது கடந்தோரும், ஏப்ரல் முதல் நாளிலிருந்து 45 வயது கடந்தோர் அனைவரும் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று. அந்நாளில்தான் அந்தத் துயரச் செய்தி வந்தது. மக்கள் அன்பைப் பெற்ற நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னையில் எல்லாருக்கும் எடுத்துக்காட்டாக ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் காலமானார். ஊசியால் வந்த மாரடைப்பு அன்று என்று மருத்துவர்கள் அன்றே கூறினர். தேசிய அளவிலான வல்லுநர் குழுவும் ஆராய்ந்து, அந்த இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அவ்வாண்டிலேயே முடிவு கூறியது. ஆனால் வதந்திக்கு இருந்த சிறகு அந்த முடிவுக்கு இல்லை. ஊசி மையங்களுக்குப் புறப்பட்ட பலர் வீட்டிலேயே நின்றுவிட்டனர். நம் மூதாட்டி தம்பியைத் தடுத்ததும் அந்த வாரத்திலேதான்.

மே மாத இறுதியில் அன்றாட நோயாளர் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் மிஞ்சியது. கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனாப் பிரிவுக்குள் மே 30 அன்று முதலமைச்சரே பாதுகாப்பு உடை அணிந்து சென்று நோயாளரைக் கண்டார். நம் கல்லறைகளில் நான்கு பேர் மட்டும் நின்று மண்ணிட்ட நாட்கள் அவை. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழக அரசு நடத்திய இரத்த ஆய்வில், மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. விருதுநகர் மாவட்டத்தில் அது 84. நம் அண்டை மாவட்டமாகிய ஈரோட்டில் 37 மட்டுமே. அத்தனை இழப்புக்குப் பின்னும் அங்கே பெரும்பாலோரிடம் அளவிடத்தக்க காவல் இல்லை என்பதே இதன் பொருள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டுக் காவல் துறையினர் 1,17,524 பேரைப் பற்றிச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் ஆய்வு செய்தனர். ஊரடங்கிலும் தெருவில் நின்று பணி செய்தவர்கள் இவர்கள். 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை இவர்களுள் 67,673 பேர் இரண்டு ஊசியும் பெற்றனர். 32,792 பேர் ஓர் ஊசி பெற்றனர். 17,059 பேர் ஊசியே பெறவில்லை. கொரோனாவால் இறந்தோர் 31 பேர். அவருள் ஊசி பெறாதவர் 20 பேர். ஓர் ஊசி பெற்றவர் 7 பேர். இரண்டும் பெற்றவர் 4 பேர். எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டத்தில் மிகப் பெரிய இழப்பு! கணக்கிட்டுப் பார்த்தபோது, ஓர் ஊசி சாவை 82 விழுக்காடும், இரண்டு ஊசிகள் 95 விழுக்காடும் தடுத்தன எனத் தெரிந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் பணியாளர்களிடையே அவ்வாண்டு பிப்ரவரி முதல் மே வரை நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. இரண்டு ஊசிகள் நோய்த்தொற்றை 65 விழுக்காடு குறைத்தன. மருத்துவமனையில் சேர்வதை 77 விழுக்காடு குறைத்தன. பிராணவாயு தேவைப்படுவதை 92 விழுக்காடும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதை 94 விழுக்காடும் குறைத்தன. இந்த நான்கு எண்களையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். வேலியில் காவல் ஓரளவே; வீட்டை நெருங்க நெருங்கக் காவல் கூடிக்கொண்டே போகிறது. மூதாட்டியின் கேள்விக்கு முழு விடையும் இதில் அடங்கியிருக்கிறது. 2022 ஜனவரியில் அவரை ஓமைக்ரான் பற்றியது உண்மை. நான்கு நாள் காய்ச்சலுடன் அவர் எழுந்து நடமாடியதும் உண்மை.

பாடம் ஒன்று, கட்டணம் வேறு

"நோய் வந்து குணமானாலும் எதிர்ப்பாற்றல் வருகிறதே, ஊசி எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. நோய் வந்து பிழைத்தவருக்கு எதிர்ப்பாற்றல் உண்டாவதை மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தில் மருத்துவப் பணியாளரிடையே நடந்த பெரும் ஆய்வில், ஒருமுறை நோயுற்றவருக்கு அடுத்த ஏழு மாதங்களில் மீண்டும் தொற்று வரும் வாய்ப்பு 84 விழுக்காடு குறைந்திருந்தது. நோயும் வந்து ஊசியும் போட்டுக்கொண்டவருக்கு அமையும் கலப்பு எதிர்ப்பாற்றல் இவ்விரண்டினும் வலியது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

ஆயினும் பிழைத்தவரைக் கொண்டுமட்டும் கணக்கிடுதல் முறையன்று. இரு பள்ளிகளும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன, கட்டணம் வேறு. நோயென்னும் பள்ளி இந்தியாவில் அரசுக் கணக்கின்படியே 5,30,000க்கும் மேற்பட்ட உயிர்களையும், தமிழ்நாட்டில் 38,000க்கும் மேற்பட்ட உயிர்களையும் கட்டணமாகப் பெற்றது. ஊசியின் கட்டணம் பெரும்பாலோருக்கு ஒரு நாள் காய்ச்சலும் கைவலியும். அரிதினும் அரிதாகச் சிலருக்குக் கோவிஷீல்டு வகை ஊசியால் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறைதலும், வேறு சில நாடுகளில் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியால் இளைஞருக்கு இதயத் தசை அழற்சியும் நேர்ந்தன. இதை மறைத்துப் பேசுவது நன்றன்று. மறைத்துப் பேசினால் நம்பிக்கை கெடும். ஆனால் இரத்தம் உறைதலும் இதய அழற்சியும் கொரோனா நோயினால் அதிகமாகவே நேர்ந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஊசி போட்டும் காவல் உண்டாகாத உடல்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், மிகவும் தளர்ந்த முதியவர் ஆகியோருக்குத் தம் தோப்பில் நிறுத்தக் கும்கி இல்லை. நம் தோப்பின் காவலே அவருக்கும் காவல். கொரோனா ஊசி தொற்றை முழுதும் நிறுத்தாவிடினும், தட்டம்மை ஊசி நிறுத்துகிறது. ஊரில் நூற்றுக்கு 95 குழந்தைகள் இருமுறை அந்த ஊசியைப் பெற்றால், பெற இயலாத குழந்தையும் தப்பும். கொரோனா ஊசியின்மேல் கொண்ட மனக்கசப்பைத் தட்டம்மை ஊசியின்மேல் காட்டுவது, ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பதைப் போன்றதன்றோ? அதுவும் செய்யாத குற்றத்துக்கு!

திருச்சபையின் வழிகாட்டுதல்

தடுப்பூசியும் திருச்சபையும் அயலவர் அல்லர். நம் மலைகளுக்கு வடக்கே உள்ள மைசூர் நாட்டில், 1799க்குப் பின் சிதறிய கிறிஸ்தவ மக்களைத் திரட்டி வாழ்வளித்த பிரெஞ்சு மறைபணியாளர் ஆபே துபுவா சுவாமிகள், பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் குத்துதலைத் தம் மக்களிடையே பரப்பினார். 1803, 1804ஆம் ஆண்டுகளில் அவர் முயற்சியால் அம்மை குத்திக்கொண்டோர் 25,000க்கும் மேற்பட்டோர். ஜென்னர் அம்மை குத்தும் முறையைக் கண்டு அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. அன்றும் மக்கள் அஞ்சினர். அன்றும் வதந்திகள் உலவின. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தபோது, அந்தப் பணியில் நம் குரு ஒருவரின் வியர்வையும் கலந்திருந்தது.

கொரோனா ஊசி பற்றிக் கத்தோலிக்கர் சிலருக்கு மனச்சான்றுச் சிக்கல் ஒன்று எழுந்தது. சில ஊசிகளின் தயாரிப்பிலோ சோதனையிலோ, பல பத்தாண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட கருவிலிருந்து பெறப்பட்டு வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் பயன்பட்டன என்பதே அது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று இதற்கு விளக்கம் தந்தது. கருக்கலைப்பு தீமையே, அதை ஏற்பதாக ஆகாமல், வேறு ஊசி கிடைக்காத நிலையில் இவ்வூசிகளைப் போட்டுக்கொள்வது ஒழுக்கநெறிக்கு முரணன்று, ஊசி எவர்மீதும் திணிக்கப்படலாகாது, ஆயினும் பொதுநலனைக் காக்கும் கடமை அனைவருக்கும் உண்டு, மனச்சான்றின்படி மறுப்பவர் தம்மால் பிறருக்கு நோய் பரவாதவாறு இயன்றதெல்லாம் செய்ய வேண்டும். இதுவே அவ்விளக்கத்தின் சாரம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் விடுத்த செய்தியில் அதனை ஓர் அன்புச் செயல் என்று அழைத்தார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் கொண்டே காயத்தைக் கட்டினான் என்பதை நாம் நினைவுகூர்தல் தகும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. கிருமி மறையவில்லை, நாமும் பழைய நிராயுதபாணிகள் அல்லர். நம்மில் மிகப் பெரும்பாலோர் நோயாலோ, ஊசியாலோ, இரண்டாலுமோ காவல் பெற்றிருக்கிறோம். எனவே அச்சம் வேண்டா. முதியவர், சர்க்கரை நோய், இதயநோய், சிறுநீரக நோய் உடையவர், எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோர் மீண்டும் ஊசி தேவையா என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிக. காய்ச்சலும் சளியும் உள்ளபோது முதியோர் அருகே செல்வதைத் தவிர்ப்பதும், திருப்பலிக்குக்கூட வராமல் வீட்டில் இருந்து செபிப்பதும் பாவமன்று, பிறரன்பு. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை ஞானஸ்நானச் சான்றிதழைப் போலவே பத்திரமாக வைத்து, உரிய நாளில் உரிய ஊசியைப் போடுவது பெற்றோர் கடமை.

இனி, நம் மூதாட்டிக்கு என்ன சொல்வது? ஊசி வீண் என்று சொல்லி அவரைத் தேற்றுவது பொய்யாகும். ஊசி போட்டிருந்தால் தம்பி பிழைத்திருப்பார் என்று அறுதியிட்டுச் சொல்வதும் உண்மையன்று. ஏப்ரலில் போட்ட முதல் ஊசி மே மாதத்தில் முழுக் காவல் தந்திராது, பெரும்பாலோரைக் காத்திருக்கும், எல்லாரையும் காத்திராது. பேத்தி சொன்னதைக் கேட்டபின் செவிலியர் மீண்டும் திண்ணைக்கு வந்து மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்தார்.

"ஆத்தா, அன்னைக்கு ஊரே பயந்துது. பாசத்துலதான் தம்பியை நிறுத்துனீங்க. அது குத்தமில்லீங்க. அன்னைக்கு நமக்குத் தெரியாதுங்க, இன்னைக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்."

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புதங்கெழமை எத்தனை மணிக்குங் கண்ணு?" என்று கேட்டார்.

அந்தப் புதன்கிழமை குழந்தையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தவர் அவரே. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்ன செவிலியரின் சொல்லை மீறாமல் மர நிழலில் உலாத்தித் தாலாட்டினார். வரும் வழியில் பங்குத்தந்தையின் இல்லத்தில் நின்று, தம் தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்குமாறு வேண்டினார். தம்பி இறந்த நாளிலிருந்து அவர் அதுவரை கேட்டிராத பூசை அது.